காமிக்ஸ் ஆன்டிஹீரோ வேடத்துக்கு ஆடிஷன் கொடுப்பது எப்படி

ஹாலிவுட் காமிக்ஸ் படங்கள், தொடர்கள் என்று மூன்று வருடத்தில் நான்கு வேடங்களுக்கு செல்ஃப் டேப், அதாவது நானே நடித்துப் பிடித்த ஆடிஷன் வீடியோ, அனுப்பியிருக்கிறேன். முதலாவது கெடு தாண்டிப் போனது. இரண்டாவதில் தொண்டை கிழிய உறுமினேன். மூன்றாவதுக்குப் பதிலே வரவில்லை. நான்காவது கெமிஸ்ட்ரி ரீட் (இன்னொரு நடிகரோடு சேர்ந்து நடித்துக் காட்டும் சுற்று) வரை போய் நின்றது. வேடம் வேறொருவருக்குப் போய்விட்டது, அதனால் ஜெயித்த கதை கேட்க வந்திருந்தால் மன்னிக்கவும். ஆனால் நான் தடுக்கி விழுந்த இடங்களில் பாதி, நடிப்போடு சம்பந்தமே இல்லாதவை. தேதி, காகிதம், கோப்புப் பெயர், நேர வித்தியாசம் இதெல்லாம்தான். அதை யாராவது முன்பே எழுதி வைத்திருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

ஓரளவு நடித்த அனுபவம் இருக்கிறது, இப்போது இந்தப் பக்கம் முயன்று பார்க்கலாம் என்று நினைப்பவர்களுக்காக இது.

1. முதலில் காமிக்ஸைச் சரியான இடத்தில் திறந்து படியுங்கள்

ஆன்டிஹீரோ, அதாவது கதையின் மையத்தில் இருந்தும் நாயகனுக்குரிய நேர்வழியில் போகாதவன், என்றாலே கறுப்புக் கோட்டு, கட்டைக் குரல், யாரையும் பிடிக்காத முகம் என்று நினைத்துக்கொண்டு வருவோம். நானும் அப்படித்தான் வந்தேன். இந்தப் பாத்திரங்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை. பனிஷர் 1974-ல் ஸ்பைடர்மேனைக் கொல்ல வந்தவனாக அறிமுகமானவன். குடும்பத்தை இழந்தவன், அவனுக்குத் தான் செய்வதில் சந்தேகமே கிடையாது. கேட்வுமன் 1940-ல் நகை திருட வந்தவள், அவளுக்கு அது ஒரு விளையாட்டு. 1985-ல் வந்த கான்ஸ்டன்டைன் கையில் ஆயுதமே இல்லாமல் வாயாலும் ஏமாற்றாலும் பிழைப்பவன், பிரிட்டன்காரன். இவர்கள் மூவருக்கும் ஒரே மாதிரி டேப் அனுப்பினால் எப்படி இருக்கும்?

எல்லா இதழ்களையும் படிக்க நேரம் இருக்காது, தேவையும் இல்லை. முதல் தோற்றம் ஒன்று, பின்னால் வேறொரு எழுத்தாளர் அந்தப் பாத்திரத்தைத் திருப்பிப் போட்ட காலகட்டம் ஒன்று, இரண்டையும் படியுங்கள். திரைக்கதைகள் பெரும்பாலும் இரண்டாவதிலிருந்துதான் பிறக்கின்றன. டெட்பூல் 1991-ல் வந்தபோது வாசகரைப் பார்த்துப் பேசும் வழக்கமே அவனுக்குக் கிடையாது, அது வருடங்கள் கழித்து ஒட்டிக்கொண்டது. முதல் இதழை மட்டும் படித்துவிட்டு அவனுக்கு டேப் எடுத்தால் வெறும் கூலிப்படைக்காரன்தான் கிடைப்பான்.

படிக்கும்போது ஒரே ஒரு கேள்வியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்: இவனுக்கு என்ன வேண்டும், அதற்காக எந்த எல்லை வரை போவான், எதைச் செய்யமாட்டான்? அந்தச் 'செய்யமாட்டான்' கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

2. கோப்புகளை இப்போதே தயார் செய்யுங்கள், அழைப்பு வந்தபிறகு அல்ல

வேண்டியவை இவைதான். ஒப்பனை குறைந்த, இன்றைய உங்கள் முகத்தைக் காட்டும் ஹெட்ஷாட் இரண்டு: ஒன்று இறுக்கமாக, ஒன்று சிரித்தபடி. ஒரு பக்க ரெஸ்யூமே. ஒரு நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடத்துக்குள் ஷோரீல் (நீங்கள் நடித்த காட்சிகளின் தொகுப்பு), அதன் முதல் பத்து விநாடியிலேயே உங்கள் முகமும் குரலும் வந்துவிட வேண்டும். சிலர் இசையும் எழுத்தும் ஓடும் தலைப்பு அட்டைக்கே இருபது விநாடி செலவிடுகிறார்கள், பார்ப்பவர் அதற்குள் அடுத்த ஆளுக்குப் போயிருப்பார். அப்புறம், செல்லுபடி காலம் போதுமான அளவு மிச்சமிருக்கும் பாஸ்போர்ட்.

பாஸ்போர்ட்டில் நம் ஆட்களுக்கென்றே ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. இனிஷியல் போட்டு எழுதிப் பழகிய பெயர் நமக்கு. பாஸ்போர்ட்டில் ஒரே பெயர்தான் இருந்தால் அமெரிக்க விசாவில் அதைக் குடும்பப் பெயராக வைத்துவிட்டு, முதல் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் எஃப்என்யூ என்று அடித்துவிடுவார்கள், 'முதல் பெயர் தெரியாது' என்பதன் சுருக்கம் அது. நடிப்பில் நீங்கள் பயன்படுத்தும் பெயர் ஒன்று, ஒப்பந்தத்தில் ஒன்று, விசாவில் ஒன்று என்று மூன்று வடிவங்கள் சுற்றினால் பின்னால் ஒவ்வொரு கட்டத்திலும் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பீர்கள். பெயரை மாற்றிப் பதிய நினைத்தால் இந்த வேலைக்கு இறங்கும் முன்பே செய்துவிடுங்கள்.

ரெஸ்யூமேயில் திறமைகள் என்ற பகுதியில் பொய் சொல்லாதீர்கள். காமிக்ஸ் வேடங்களுக்குக் குதிரை, வாள், குத்துச்சண்டை என்று எதை எழுதினாலும் யாராவது ஒருவர் அதைச் செய்துகாட்டச் சொல்வார். நான் 'மோட்டார் சைக்கிள்' என்று எழுதியிருந்தேன். எனக்கு ஓட்டத் தெரிந்தது ஸ்கூட்டர்.

3. ஏஜென்ட், மேனேஜர், யூனியன்: யாருக்கு எப்போது பணம்

பெரிய ஸ்டூடியோ வேடங்களின் பிரேக்டவுன்கள், அதாவது 'இப்படி ஒரு ஆள் தேவை' என்ற குறிப்புகள், பெரும்பாலும் ஏஜென்டுகளுக்கும் மேனேஜர்களுக்கும்தான் போகின்றன. ஆக்டர்ஸ் ஆக்சஸ், பேக்ஸ்டேஜ், பிரிட்டனில் ஸ்பாட்லைட் போன்ற தளங்களில் நீங்களே பதிவு செய்துகொண்டு சிறு வேடங்களுக்கு விண்ணப்பிக்கலாம், எப்போதாவது காமிக்ஸ் தொடர்களுக்கான திறந்த அழைப்பும் வரும். அங்கிருந்து தொடங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பணக் கணக்கு எளிது. ஏஜென்டுக்குப் பத்து சதவீதம், மேனேஜர் இருந்தால் பெரும்பாலும் பத்திலிருந்து பதினைந்து, ஒப்பந்தம் பார்க்கும் வழக்கறிஞருக்கு வழக்கமாக ஐந்து. எல்லாமே உங்களுக்குச் சம்பளம் வந்தபிறகு, சம்பளத்திலிருந்து. முன்பணம் கேட்பவர் ஏஜென்ட் இல்லை. கலிஃபோர்னியாவில் ஏஜென்சி நடத்த மாநிலத் தொழிலாளர் ஆணையரின் உரிமம் வேண்டும், அது உண்மைதானா என்று இணையத்திலேயே தேடிப் பார்க்கலாம். வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி முன்பணம் வாங்குவதைத் தடுக்கத் தனிச் சட்டமே 2009-ல் கொண்டுவந்தார்கள். இதெல்லாம் தெரியாத காலத்தில் ஒரு 'அறிமுகத் தொகுப்பு'க்கு நான் பணம் கட்டினேன். கிடைத்தது என் பெயரைத் தப்பாக அச்சடித்த ஒரு பிடிஎஃப்.

சாக்-ஆஃப்ட்ரா என்ற அமெரிக்க நடிகர் யூனியனின் அட்டை இருந்தால்தான் ஆடிஷனே கொடுக்க முடியும் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. அட்டை இல்லாத நடிகரையும் தேர்ந்தெடுக்கலாம், தயாரிப்பு நிறுவனம் டாஃப்ட்-ஹார்ட்லி என்ற அறிக்கையை யூனியனுக்கு அனுப்பினால் போதும், அதன்பின் நீங்கள் சேரத் தகுதி பெறுவீர்கள். சேர்க்கைக் கட்டணம் 3,000 டாலர், அதுதவிர ஆண்டுச் சந்தா. வேடம் கையில் வராமல் இந்தப் பணத்தை முன்கூட்டிப் புரட்டாதீர்கள்.

4. பிரேக்டவுனை வரிக்கு வரி படியுங்கள்

காமிக்ஸ் படங்களின் பிரேக்டவுனில் பாத்திரத்தின் உண்மைப் பெயர் இருக்காது. படத்துக்கும் ஒரு பொய்த் தலைப்பு. 'முன்னாள் ராணுவ வீரர், முப்பதுகளில், இருண்ட நகைச்சுவை' என்று இருக்கும், அவ்வளவுதான். அனுப்பும் சைட்ஸ், அதாவது ஆடிஷனில் நடிக்க வேண்டிய வசனப் பக்கங்கள், கூடப் பல சமயம் அசல் படத்தின் காட்சியாக இருக்காது. ஆடிஷனுக்கென்றே எழுதிய காட்சி, அல்லது வேறொரு கதையிலிருந்து எடுத்தது. ஆகவே 'இது இன்ன பாத்திரம்தான்' என்று ஊகித்து அந்த காமிக்ஸ் பாத்திரத்தின் நடை, சைகை எல்லாவற்றையும் திணிக்காதீர்கள். தாளில் இருப்பதை நடியுங்கள். முதல் பகுதியில் படித்ததெல்லாம் வீண் என்று அர்த்தமில்லை, அது உங்கள் பின்னணியில் இருந்தால் போதும், முன்னணிக்கு வரக்கூடாது.

என்டிஏ, அதாவது ரகசியம் காக்கும் ஒப்பந்தம், வந்தால் கையெழுத்திடும் முன் இரண்டு விஷயம் பாருங்கள்: எவ்வளவு காலத்துக்கு, யாரிடம் பேச அனுமதி. ஏஜென்ட், வழக்கறிஞர் இருவருக்கும் விலக்கு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ளுங்கள். சைட்ஸின் ஒவ்வொரு பக்கத்திலும் குறுக்கே உங்கள் பெயர் மங்கலாக அச்சாகியிருக்கலாம், அதைப் படம் பிடித்து நண்பனுக்கு அனுப்பினால் யாரிடமிருந்து கசிந்தது என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். ரீடராக, அதாவது எதிர் வசனம் சொல்பவராக, உதவும் நண்பர் அதைப் படிக்கலாமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

கெடு நேரம் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலீஸ் நேரத்தில் இருக்கும். அது கோடையில் கிரீன்விச் நேரத்துக்கு 7 மணி பின்னால், குளிர்காலத்தில் 8 மணி பின்னால். மார்ச்சில் இரண்டாவது ஞாயிறும் நவம்பரில் முதல் ஞாயிறும் மாறும். என் முதல் டேப் மார்ச்சில், அந்த மாற்றத்தில்தான் போனது. நான் ஒரு மணி நேரம் கூடுதலாக இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு கடைசியாக ஒரு டேக் எடுத்துக்கொண்டிருந்தேன். டேப்பை ஏற்றும் இணைப்பு மூடிவிட்டது.

யூனியனின் 2023 ஒப்பந்தப்படி செல்ஃப் டேப்புக்குக் குறைந்தது 48 மணி நேரம் தர வேண்டும், முதல் சுற்றில் 8 பக்கத்துக்கு மேல் கேட்கக் கூடாது. நேற்று இரவு அனுப்பி நாளைக் காலை பதினைந்து பக்கம் கேட்டால் ஏஜென்ட் வழியாகக் கூடுதல் நேரம் கேளுங்கள். கேட்டதற்காக யாரும் உங்களைக் கறுப்புப் பட்டியலில் போடமாட்டார்கள்.

5. செல்ஃப் டேப்: படம் பிடிக்கும் வேலை

ஃபோன் போதும். படுக்கைவாட்டில் வையுங்கள், ஸ்டாண்ட் கட்டாயம். மார்புக்கு மேலே சட்டகம். பின்னால் வெறும் சாம்பல் அல்லது நீலத் துணி. வெளிச்சம் முன்னாலிருந்து, கண்கள் தெரிய வேண்டும். 'இருண்ட பாத்திரம்' என்று பாதி முகத்தை நிழலில் வைத்து எடுப்பதுதான் இந்த வகை வேடங்களில் நான் அடிக்கடி பார்க்கும் தவறு. நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும் காஸ்டிங் டைரக்டருக்கு வேண்டியது உங்கள் கண், ஒளிப்பதிவு இல்லை. ரீடர் லென்ஸுக்குப் பக்கத்திலேயே, உங்கள் கண் உயரத்தில் நிற்க வேண்டும், உங்களைவிட மெதுவாகப் பேச வேண்டும்.

ஸ்லேட் என்பது பெயர், உயரம், இருக்கும் இடம், அப்புறம் தலை முதல் கால் வரை ஒரு முழு உருவம். அதை உங்கள் குரலில், சாதாரணமாகச் சொல்லுங்கள். பாத்திரமாகவே ஸ்லேட் சொல்பவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம். கோப்புப் பெயரை அவர்கள் சொன்ன முறையில் வையுங்கள். 'இறுதி_இறுதி2' என்று அனுப்பாதீர்கள்.

முகமூடி, கோட்டு, பொம்மைத் துப்பாக்கி எதுவும் வேண்டாம். சாயலுக்கு ஒரு கறுத்த டீ-ஷர்ட் போதும்.

6. நடிப்பு: இருளை நடிக்காதீர்கள்

இதைத்தான் நான் மிகத் தாமதமாகக் கற்றேன், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

என் இரண்டாவது டேப்பில் ஒரு விசாரணைக் காட்சி. கட்டிப்போட்டிருக்கும் ஒருவனிடம் நான் முகவரி கேட்க வேண்டும். முதல் வரியிலிருந்தே தொண்டையை இறுக்கிக்கொண்டு உறுமினேன். பார்த்தபோது பிரமாதமாக இருப்பதாகத் தோன்றியது. ஒரு மாதம் கழித்து ஒலியை அணைத்துவிட்டுப் போட்டுப் பார்த்தேன்: இரண்டரை நிமிடம் என் முகம் மாறவே இல்லை. அவன் பொய் சொன்னபோதும் அதே முகம், அழுதபோதும் அதே முகம். முகவரி கிடைத்ததா இல்லையா என்றே தெரியவில்லை.

பாத்திரத்தின் இருட்டு எழுத்திலேயே இருக்கிறது. அவன் ஆளைக் கொன்றவன் என்று வசனம் சொல்லிவிடும், நீங்கள் அதன் மேல் இன்னொரு பூச்சுப் பூச வேண்டியதில்லை. நீங்கள் செய்ய வேண்டியது எதிரில் இருப்பவனிடமிருந்து ஒன்றைப் பெற முயல்வது மட்டும்தான். அதற்கு மிரட்டலாம், கெஞ்சலாம், கேலி செய்யலாம், நண்பனாக நடிக்கலாம். ஒரு காட்சிக்குள் குறைந்தது மூன்று முறையாவது வழியை மாற்றிப் பாருங்கள். ஆன்டிஹீரோவை நாயகனிடமிருந்து பிரிப்பதே அவன் நாயகன் எடுக்காத வழியையும் எடுப்பான் என்பதுதானே.

அப்புறம் அவன் தன்னை ஆன்டிஹீரோ என்று நினைப்பதில்லை. தன் கணக்கில் அவன் நியாயமாகத்தான் நடக்கிறான். குற்ற உணர்ச்சியை வசனத்துக்கு வசனம் முகத்தில் காட்டிக்கொண்டிருந்தால் பார்ப்பவர் பரிதாபப்படுவாரே தவிர பயப்படமாட்டார், பின்தொடரவும் மாட்டார்.

நகைச்சுவை இருந்தால் அதைத் தாண்டி ஓடாதீர்கள். இந்த வேடங்களில் சிரிப்பு பெரும்பாலும் வலியை மறைக்க வருகிறது. சிரிப்பு வர வேண்டிய வரியை இறுக்கமாகச் சொன்னால் இரண்டுமே போய்விடும். எந்தக் காட்சியாக இருந்தாலும் ஒரு இடத்தில், ஒரே ஒரு இடத்தில், அவன் தன்னையறியாமல் தளரும் நொடியைத் தேடி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூச்சு, பார்வை விலகுவது, அவ்வளவு போதும். என் நான்காவது டேப்பில் அந்த நொடி தற்செயலாக வந்தது, ரீடராக இருந்த என் அக்கா வரியை மறந்துவிட்டாள், நான் காத்திருந்தேன். அந்த டேக்கைத்தான் அனுப்பினேன், அதுதான் கால்பேக், அதாவது அடுத்த சுற்று அழைப்பு, வாங்கித் தந்தது.

முன்பு அதே பாத்திரத்தில் நடித்தவரைப் போலச் செய்து காட்டாதீர்கள். பனிஷரை 1989, 2004, 2008-ல் மூன்று வெவ்வேறு நடிகர்கள் திரையில் செய்தார்கள், 2016-ல் நான்காமவர் தொலைக்காட்சிக்கு வந்தார். ஒவ்வொரு முறையும் தேடியது புது ஆளை. பழையவரின் நகல் வேண்டுமென்றால் அவரையே கூப்பிட்டிருப்பார்கள்.

7. கால்பேக், கெமிஸ்ட்ரி ரீட், டெஸ்ட் டீல்

கால்பேக்கில் திருத்தம் சொல்வார்கள். திருத்தம் சொன்னால் டேப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை, நீங்கள் மாறக்கூடியவரா என்று பார்க்கிறார்கள். கெமிஸ்ட்ரி ரீட் என்பது இன்னொரு நடிகரோடு. நான் அங்கே என் வரிகளை அவ்வளவு கச்சிதமாகத் தயார் செய்துகொண்டு போனேன், எதிரில் இருந்தவர் புதிதாக எதைச் செய்தாலும் நான் கவனிக்கவே இல்லை. அங்கேதான் போயிற்று என்று நினைக்கிறேன்.

இந்தக் கட்டத்தில் 'உங்களை அவெய்லில் வைத்திருக்கிறோம்' என்று சொல்லலாம். தேதிகளைக் காலியாக வைத்திருங்கள் என்று பொருள், வேடம் உறுதி என்று பொருள் இல்லை. அதுவரை முடி, தாடி எதையும் வெட்டாதீர்கள். உடம்பை ஏற்ற அவசர உணவுக்கட்டுப்பாடு, மாத்திரை என்று இறங்காதீர்கள். வேடம் உறுதியானால் பயிற்சியாளரை ஏற்பாடு செய்வது அவர்கள் வேலை.

தொடர் என்றால் ஸ்கிரீன் டெஸ்டுக்கு முன்பே முழு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள், அதற்குத்தான் டெஸ்ட் டீல் என்று பெயர். இதுதான் புதியவர்களைத் தூக்கிவாரிப் போடும் இடம். வேடம் கிடைக்குமா என்றே தெரியாது, அதற்குள் அடுத்த ஆறு ஏழு வருடத்துக்கான சம்பளம் காகிதத்தில் இருக்கும். தேர்வான பிறகு பேரம் பேச உங்களிடம் பிடி இருக்கும், அதைத் தவிர்க்கத்தான் இந்த ஏற்பாடு. காகிதம் டெஸ்டுக்கு முதல் நாள் இரவு வந்தால்கூட வழக்கறிஞர் பார்க்காமல் கையெழுத்திடாதீர்கள். அவரிடம் கேட்க வேண்டியவை:

எத்தனை படம் அல்லது எத்தனை சீசன், அதை நீட்டிக்கும் உரிமை யாருக்கு, முடிவு சொல்ல அவர்களுக்கு எந்தத் தேதி வரை கெடு. அந்தக் காலத்தில் வேறு வேலை செய்யலாமா. பொம்மை, விளையாட்டு, டீ-ஷர்ட் ஆகியவற்றில் உங்கள் முகம் வந்தால் என்ன தருவார்கள். காமிக்ஸ் வேடத்தில் இது சின்ன விஷயம் இல்லை. உடலை முப்பரிமாண ஸ்கேன் எடுத்தால் அந்த டிஜிட்டல் உருவத்தை எதற்கெல்லாம் பயன்படுத்துவார்கள். 2023 ஒப்பந்தத்துக்குப் பின் டிஜிட்டல் பிரதிக்கு உங்கள் சம்மதம் வேண்டும், எதற்கு என்பதும் தெளிவாக எழுதப்பட வேண்டும். கலிஃபோர்னியா சட்டப்படி ஏழு வருடத்துக்கு மேல் ஒருவரைத் தனிப்பட்ட சேவை ஒப்பந்தத்தில் கட்டாயப்படுத்தி வைத்திருக்க முடியாது என்பதும் தெரிந்திருக்கட்டும்.

8. படப்பிடிப்பு அமெரிக்காவில் என்றால் விசா

சுற்றுலா விசாவில் போய் நடிக்க முடியாது. வழக்கமான வழி ஓ-1பி, கலை, திரைத் துறையில் தனித்திறமை உள்ளவர்களுக்கான வேலை விசா. நீங்களே விண்ணப்பிக்க இயலாது, அமெரிக்காவில் இருக்கும் நிறுவனமோ ஏஜென்டோ ஐ-129 படிவத்தைத் தாக்கல் செய்ய வேண்டும். 2024 ஏப்ரலிலிருந்து அதன் அடிப்படைக் கட்டணம் 1,055 டாலர், சிறு நிறுவனங்களுக்கு 530. கூடுதல் கட்டணங்களும் வழக்கறிஞர் செலவும் தனி. வேலை தொடங்குவதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்னதாகத் தாக்கல் செய்ய முடியாது, 45 நாளாவது முன்னதாகச் செய்யச் சொல்கிறார்கள். முதல் அனுமதி அதிகபட்சம் மூன்று வருடம். திரை வேலைக்கு யூனியனிடமிருந்து ஒன்று, தயாரிப்பாளர் தரப்பிலிருந்து ஒன்று என்று இரண்டு ஆலோசனைக் கடிதங்கள் வேண்டும்.

இதில் உங்கள் பங்கு சான்றுகள் சேர்ப்பது. விமர்சனங்கள், பேட்டிகள், விருதுகள், ஒப்பந்த நகல்கள், துறையில் மதிக்கப்படுபவர்களின் கடிதங்கள். தமிழில் வந்த ஒவ்வொரு கட்டுரைக்கும் முழு ஆங்கில மொழிபெயர்ப்பும், மொழிபெயர்த்தவர் தனக்கு இரு மொழியும் தெரியும் என்று கையெழுத்திட்ட சான்றும் வேண்டும். சுருக்கம் எழுதிக் கொடுத்தால் ஏற்கமாட்டார்கள். உங்களைப் பற்றி எது அச்சில் வந்தாலும் தேதியோடு, இதழின் பெயர் தெரியும்படி இன்றிலிருந்தே ஸ்கேன் செய்து வையுங்கள். வேடம் கிடைத்தபிறகு ஆறு வருடத்துக்கு முந்தைய பத்திரிகையைத் தேடி அலைவது பெரிய கொடுமை.

9. அனுப்பியபிறகு

பதில் வராது. பெரும்பாலும் 'இல்லை' என்று சொல்லக்கூட யாரும் எழுதமாட்டார்கள், வேறொருவர் பெயர் செய்தியில் வரும்போதுதான் தெரியும். ஏஜென்ட் இருந்தால் அவர் ஒருமுறை கேட்கலாம், நீங்களாக எழுதிக் கேட்காதீர்கள். எந்தத் தேதியில், எந்தப் பொய்த் தலைப்புக்கு, எந்தக் காஸ்டிங் அலுவலகத்துக்கு, எந்த டேக்கை அனுப்பினீர்கள் என்று ஒரு அட்டவணை வையுங்கள். அதே அலுவலகம் மாதங்கள் கழித்து வேறொரு தலைப்பில் கூப்பிடும், அப்போது போன தடவை போட்ட சட்டை வரை ஞாபகம் இருப்பது உதவும்.

சைட்ஸை அழித்துவிடுங்கள். ஃபோனில் மட்டும் இல்லை, ஃபோன் தானாகச் சேமித்து வைக்கும் இணையப் பிரதியிலும், ரீடருக்கு அனுப்பிய உரையாடலிலும். என் அக்காவின் ஃபோனில் அது எட்டு மாதம் கிடந்தது.